ஆர் மொழியில் தொகுத்த நிரல் அழைப்பும் செயலிழப்புப் பிழைநீக்கமும்: முக்கியக் குறிப்புகள்

1. அடிப்படை வரையறைகள்

• ஆர் – புள்ளியியல் கணிப்புக்கும் வரைபடத்துக்குமான கட்டற்ற ஸ்கிரிப்டிங் மொழி.
• வரிமொழிமாற்றி – கட்டளையைப் படித்தவுடன் இயக்கும் மென்பொருள். வழக்குச் சொல்: இன்டர்பிரட்டர்.
• தொகுப்பி – மூலநிரல் முழுவதையும் எந்திரக் கட்டளைகளாக முன்கூட்டியே மாற்றும் மென்பொருள். வழக்குச் சொல்: கம்பைலர்.
• தொகுத்த நிரல் – சி, சி++, ஃபோர்ட்ரான் மூலநிரல்களிலிருந்து தொகுப்பி தரும் எந்திரக் கட்டளைகள்.
• பகிர்வு நூலகம் – இயங்கும்போதே நினைவகத்தில் ஏற்றப்படும் தொகுத்த நிரல் கோப்பு. லினக்ஸில் பின்னொட்டு ‘எஸ்ஓ’, விண்டோஸில் ‘டிஎல்எல்’.
• சுட்டு – நினைவக முகவரியைத் தாங்கும் மாறி. வழக்குச் சொல்: பாயின்டர்.
• செயலுருபு – செயற்கூற்றுக்கு அனுப்பப்படும் மதிப்பு. வழக்குச் சொல்: ஆர்குமென்ட்.
• பிழைச் செய்தி – ஆர் தானே அறிந்து நிறுத்துவது. அமர்வும் தரவும் பாதுகாப்பு.
• செயலிழப்பு – இயங்கும் நிரல் முழுவதும் மாய்வது. அமர்வும் சேமிக்காத தரவும் இழப்பு. வழக்குச் சொல்: கிராஷ்.
• நினைவகப் பிரிவு மீறல் – அனுமதியற்ற முகவரியைத் தொடுதல். வழக்குச் சொல்: செக்ஃபால்ட்.
• வரையறுக்கப்படாத நடத்தை – சி மொழித் தரம் விளைவைச் சொல்லாத செயல். செயலிழப்பு, தவறான விடை, சரியான விடை மூன்றும் சாத்தியம்.
• அடிப்படை விதி – பிழை நிகழும் இடம் வேறு. செயலிழக்கும் இடம் வேறு.

2. வரலாறு: எஸ் மொழி முதல் ஆர் வரை

• ஃபோர்ட்ரான் – 1957, ஐபிஎம், ஜான் பேக்கஸ்.
• சி – 1972, பெல் ஆய்வகம், டென்னிஸ் ரிட்சி.
• எஸ் – 1976. பெல் ஆய்வகம், நியூ ஜெர்சி. ஜான் சேம்பர்ஸ், ரிக் பெக்கர், ஆலன் வில்க்ஸ். ஆர் மொழியின் முன்னோடி.
• எஸ் மொழியின் முதல் கருத்து வரைபடம் – 1976 மே 5. உள்ளடக்கம்: ஃபோர்ட்ரான் துணைநிரலைச் சுற்றி அமைந்த இடைமுகம்.
• சி++ – 1985 முதல் வணிக வெளியீடு, பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், பெல் ஆய்வகம்.
• ஆர் – நியூசிலாந்து, ஆக்லாந்து பல்கலைக்கழகம். ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன்.
• பெயர்க் காரணம் – இருவர் பெயரின் முதலெழுத்து. எஸ் என்னும் பெயர் மீதான சொல்விளையாட்டு.
• பொது அறிவிப்பு – 1993 ஆகஸ்ட்.
• கட்டற்ற உரிமத்தில் வெளியீடு – 1995 ஜூன்.
• கிரான் பொதிக் (பேக்கேஜ்) களஞ்சியம் – 1997 ஏப்ரல் 23. தொடக்கத்தில் 12 பொதிகள்.
• ஆர் மையக் குழு – 1997.
• ஜான் சேம்பர்ஸ் – ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது, 1998, எஸ் மொழிக்காக.
• பதிப்பு 1.0.0 – 2000 பிப்ரவரி 29.
• பதிப்பு 1.2.0 – தலைமுறைவழிக் குப்பை சேகரிப்பு (விளக்கம்: பகுதி 7) அறிமுகம், 2000.
• பதிப்பு 3.0.0 – நீள் வெக்டர்கள் (வெக்டர்: ஒரே வகை மதிப்புகளின் வரிசை) அறிமுகம், 2013 ஏப்ரல்.
• பதிப்பு 4.0.0 – சுட்டல் எண்ணிக்கை முறை (ரெஃபரன்ஸ் கவுன்டிங்) இயல்பாக்கம், 2020 ஏப்ரல் 24.
• லாபேக் நேரியல் இயற்கணித நூலகம், பதிப்பு 1.0 – 1992 பிப்ரவரி 29. ஆர் 1.0.0 போலவே நெட்டாண்டு நாள்.
• சேம்பர்ஸின் மூன்று கொள்கைகள் (2016) – இருப்பவை யாவும் பொருள்; நிகழ்பவை யாவும் செயற்கூற்று அழைப்பு; பிற மென்பொருளுடன் இடைமுகம் ஆர் மொழியின் அங்கம்.

3. நான்கு அழைப்பு முறைகள்

• ‘டாட் சி’ – சி செயற்கூற்றுக்குச் செயலுருபுகளின் நகல் செல்லும்; விடை பட்டியலாகத் திரும்பும்.
• ‘டாட் ஃபோர்ட்ரான்’ – ‘டாட் சி’ போன்றதே. அழைக்கப்படுவது ஃபோர்ட்ரான் துணைநிரல்.
• ‘டாட் கால்’ – ஆர் பொருளே நகலின்றிச் செல்லும். விடையும் ஆர் பொருள். இன்றைய பொதிகளில் பரவலான முறை.
• ‘டாட் எக்ஸ்டர்னல்’ – எல்லாச் செயலுருபுகளும் ஒரே பட்டியலாகச் செல்லும்.
• செயலுருபு உச்சவரம்பு – 65 (‘டாட் எக்ஸ்டர்னல்’ தவிர).
• ‘எஸ்இஎக்ஸ்பி’ – ஆர் பொருளுக்கான சி மொழிச் சுட்டு வகை.
• நூலகம் ஏற்றும் கட்டளை – ‘டைன் லோடு’.
• தொகுக்கும் கட்டளை – ‘ஆர் சிஎம்டி எஸ்எச்லிப்’.
• விண்டோஸ் தொகுப்புக் கருவித் தொகுதி – ஆர்டூல்ஸ்.
• ‘டாட் சி’ இயல்பு – விடுபட்ட மதிப்பு வந்தால் பிழைச் செய்தி. செயலுருபு வகையைச் சி பக்கத்து அறிவிப்போடு ஒப்பிடுவதில்லை.
• அதிகாரபூர்வக் கையேடு – ‘ரைட்டிங் ஆர் எக்ஸ்டென்ஷன்ஸ்’. 4ஆம் இயல்: பிழைநீக்கம். 5ஆம் இயல்: அமைப்பு, அயல்மொழி இடைமுகங்கள். 6ஆம் இயல்: ஆர் நிரல் இடைமுகம்.

4. தரவு வகைகள்: அளவுகளும் எல்லைகளும்

• முழு எண் – 4 பைட்.
• தருக்க மதிப்பு – 4 பைட்; ஒரு பிட் அன்று.
• இரட்டைத் துல்லிய எண் – 8 பைட்.
• முழு எண் உச்சம் – 2147483647.
• விடுபட்ட முழு எண் மதிப்பு – சி பக்கத்தில் −2147483648. அப்படியே அணியின் சுட்டெண்ணாகப் பயன்பட்டால் எல்லை மீறல்.
• விடுபட்ட இரட்டைத் துல்லிய மதிப்பு – எண்ணல்லா மதிப்பின் ஒரு வகை. கீழ்ப்பகுதியில் 1954 என்னும் எண்.
• பதிப்பு 3.0.0-க்கு முன் வெக்டர் நீள வரம்பு – 2147483647 உறுப்புகள். பின்னர் – 2-இன் 52ஆம் அடுக்கு.
• இருபரிமாண அணி அடுக்குமுறை – ஆர், ஃபோர்ட்ரான் இரண்டிலும் நிரல்வரிசை முறை (மேலிருந்து கீழ்). சி மொழியில் நிரைவரிசை முறை (இடமிருந்து வலம்).
• முதல் உறுப்பின் சுட்டெண் – ஆர்: 1. ஃபோர்ட்ரான் இயல்பு: 1. சி, சி++: 0.
• வெக்டர் தலைப்புப் பகுதி – 48 பைட் (64 பிட் கணினி).
• சிறு வெக்டர் – தரவுப் பகுதி 128 பைட் வரை. ஆர் தானே வைத்திருக்கும் நினைவகப் பக்கங்களில் இடம்.
• ஆர் காட்டும் பொருள் அளவின்படி சிறு வெக்டர் அறை அளவுகள் – 8, 16, 32, 48, 64, 128 பைட்.
• பெரு வெக்டர் – 128 பைட்டுக்கு மேல். இயக்குதளத்திடமிருந்து தனித்தனி ஒதுக்கீடு.

5. எடுத்துக்காட்டு: செந்தூல் எல்ஆர்டி தடம்

• மலேசியாவின் முதல் எல்ஆர்டி (இலகு ரயில்) சேவை – 1996. செந்தூல் தீமோர் வரை நீட்டிப்பு – 1998.
• செந்தூல் தீமோர் – அம்பாங் தடம்: 18 நிலையங்கள்.
• செந்தூல் தீமோர் – புத்ரா ஹைட்ஸ் தடம்: 29 நிலையங்கள்.
• இரு தடங்களுக்கும் பொது, செந்தூல் தீமோர் முதல் சான் சோவ் லின் வரை: 11 நிலையங்கள்.
• அம்பாங் தட வெக்டரில் (நிலையத்துக்கு ஓர் உறுப்பு) ஆர் சுட்டெண்: செந்தூல் தீமோர் 1, செந்தூல் 2, தித்திவங்சா 3, அம்பாங் 18.
• அதே வெக்டரில் சி சுட்டெண்: செந்தூல் தீமோர் 0, செந்தூல் 1, தித்திவங்சா 2, அம்பாங் 17.
• 19ஆம் உறுப்பை ஆர் மொழியில் படித்தால் – விடுபட்ட மதிப்பு. எழுதினால் – வெக்டர் நீளும்.
• சுட்டெண் 18-ஐச் சி மொழியில் படித்தால் அல்லது எழுதினால் – வரையறுக்கப்படாத நடத்தை.
• மடக்கு நிபந்தனை ‘18-ஐ விடச் சிறியது’ – 18 சுற்று. ‘18-க்குச் சிறியது அல்லது சமம்’ – 19 சுற்று. ஒரு சுற்று எல்லைக்கு வெளியே.

அ. நீளம் மாறிய பிழை
• 18 இரட்டைத் துல்லிய எண்கள் – 144 பைட். 29 எண்கள் – 232 பைட்.
• அம்பாங் தட வெக்டருக்குப் புத்ரா ஹைட்ஸ் தட நீளத்தை அனுப்பினால் – 11 உறுப்புகள், 88 பைட் எல்லை மீறல்.

ஆ. ஓசையற்ற பிழை
• பொது நிலையங்கள் 11, இரட்டைத் துல்லியம் – 88 பைட். ஒதுக்கப்படும் அறை 128 பைட். உபரி 40 பைட்.
• சி சுட்டெண் 11 முதல் 15 வரை எழுதினாலும் அதே அறைக்குள், அறிகுறி ஏதுமில்லை.
• சுட்டெண் 16 – அடுத்த அறையின் தொடக்கம்; சேதமடைவது வேறொரு பொருள்; செயலிழப்பு பின்னொரு குப்பை சேகரிப்பில்.
• 18 நிலையங்கள், முழு எண் வகை – 72 பைட். அறை 128 பைட். சுட்டெண் 18 முதல் 31 வரை ஓசையற்ற மீறல்.
• 18 நிலையங்கள், இரட்டைத் துல்லியம் – 144 பைட், பெரு வெக்டர், சுட்டெண் 18-இல் செயலிழப்பு உறுதியில்லை, வால்கிரைண்ட் கருவியில் சிக்குவது உறுதி.
• ஆர் காட்டும் பொருள் அளவு – 11 இரட்டைத் துல்லிய எண்கள்: 176 பைட் (48 + 128). 18 எண்கள்: 192 பைட் (48 + 144).

இ. வகை மாறிய பிழை
• ஆர் மொழியில் 18 – இரட்டைத் துல்லிய எண். ‘18எல்’ – முழு எண்.
• இரட்டைத் துல்லிய எண் 1, முழு எண் சுட்டின் வழியே படிக்கப்பட்டால் – 0, 1072693248 என இரு எண்கள்.
• முழு எண்கள் 1, 2 அடுத்தடுத்து இருக்க, இரட்டைத் துல்லியச் சுட்டின் வழியே படிக்கப்பட்டால் – ஏறத்தாழ 4.24 பெருக்கல் 10-இன் −314ஆம் அடுக்கு.
• மேற்கண்ட எண்கள் விடையில் தோன்றினால் – காரணம் வகை மாற்றம். கணக்குப் பிழை அன்று.
• தீர்வு – அழைப்புக்கு முன் முழு எண்ணாக, இரட்டைத் துல்லியமாக வெளிப்படையாக மாற்றுதல்.

6. செயலிழப்பின் முதன்மைக் காரணங்கள்

• எல்லை மீறல் – அணியின் எல்லைக்கு வெளியே படித்தல், எழுதுதல்.
• வகை மாற்றம் – ஆர் அனுப்பும் வகையும் சி எதிர்பார்க்கும் வகையும் வேறுபடுதல்.
• பாதுகாப்பின்மை – புதிய ஆர் பொருள் பாதுகாக்கப்படுமுன் குப்பை சேகரிப்பில் அழிதல்.
• வெற்றுத் திருப்பம் – ‘டாட் கால்’ வழி அழைத்த செயற்கூறு எதையும் திருப்பாமை, அல்லது சி மொழி வெற்றுச் சுட்டைத் திருப்புதல். ஆர் மொழியின் வெற்று மதிப்பு ஓர் உண்மையான பொருள். சி மொழியின் வெற்றுச் சுட்டு அன்று.
• விடுவித்த பின் பயன்பாடு – திருப்பித் தந்த நினைவகத்தை மீண்டும் தொடுதல்.
• இருமுறை விடுவிப்பு – ஒரே நினைவகத்தை இருமுறை திருப்பித் தருதல்.
• அடுக்கு நிரம்பல் – முடிவற்ற தற்சுழற்சி அல்லது செயற்கூற்றுக்குள் மிகப் பெரிய உள்ளக அணி.
• இழைச் சிக்கல் – பல இழைகளிலிருந்து (த்ரெட்) ஆர் நிரல் இடைமுகத்தை அழைத்தல். ஆர் வரிமொழிமாற்றி ஒற்றை இழை அமைப்பு.
• பதிப்பு முரண் – பழைய பதிப்பில் தொகுத்த பொதியைப் புதிய பதிப்பில் ஏற்றுதல். 3.0.0, 4.0.0 பதிப்புகளில் பொதிகளை மீண்டும் நிறுவுதல் கட்டாயம்.
• கட்டாய நிறுத்தம் – சி மொழியின் ‘எக்ஸிட்’, ‘அபார்ட்’, ஃபோர்ட்ரானின் ‘ஸ்டாப்’. மூன்றும் ஆர் அமர்வையே முடிப்பவை. கிரான் விதிகளில் தடை.
• பகிர்ந்த பொருளை மாற்றுதல் (தொடர்புடைய பிழை) – செயலிழப்பு இல்லை. வேறொரு மாறியின் மதிப்பும் கூடவே மாறும். தீர்வு: ‘டூப்ளிகேட்’ செயற்கூறு.

7. குப்பை சேகரிப்பும் பாதுகாப்பு அடுக்கும்

• குப்பை சேகரிப்பு – யாரும் பயன்படுத்தாத பொருள்களின் நினைவகத்தை ஆர் தானே மீட்டல்.
• நிகழும் நேரம் – எந்த ஒதுக்கீட்டின்போதும். நிரலருக்கு முன்னறிவிப்பு இல்லை.
• ‘புரொடெக்ட்’ – புதிய பொருளைப் பாதுகாப்பு அடுக்கில் சேர்த்தல்.
• ‘அன்புரொடெக்ட்’ – கடைசியாகச் சேர்த்தவற்றிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையை நீக்கல்.
• அடுக்கு முறை – கடைசியில் நுழைந்தது முதலில் வெளியேறும்.
• பாதுகாக்கப்படுவது – பொருள். சுட்டு மாறி அன்று. மாறிக்குப் புதிய பொருளை இட்டால் மீண்டும் பாதுகாப்பு தேவை.
• ‘டாட் கால்’ செயலுருபுகள் – தானாகப் பாதுகாப்பு பெற்றவை.
• பாதுகாப்பு அடுக்கின் இயல்பு அளவு – 50,000. உச்சம் – 500,000.
• அடுக்கு நிரம்பினால் – பிழைச் செய்தி. பெரும்பாலும் மடக்குக்குள் ‘புரொடெக்ட்’, வெளியே ‘அன்புரொடெக்ட்’.
• எண்ணிக்கை பொருந்தாவிட்டால் – ‘ஸ்டாக் இம்பேலன்ஸ்’ எச்சரிக்கை.
• நீண்டகாலப் பாதுகாப்பு – ‘ஆர் பிரிசர்வ் ஆப்ஜெக்ட்’. விடுவிப்பு – ‘ஆர் ரிலீஸ் ஆப்ஜெக்ட்’.
• ‘ஆர் அலாக்’ – தற்காலிக நினைவகம். அழைப்பு முடிந்ததும் தானாக மீட்பு.
• ‘மலாக்’ – சி மொழி ஒதுக்கீடு. ‘ஃப்ரீ’ வழியே நிரலரே விடுவிக்க வேண்டியது.
• ‘ஜிசி டார்ச்சர்’ – ஒவ்வோர் ஒதுக்கீட்டிலும் குப்பை சேகரிப்பைக் கட்டாயமாக்கும் ஆர் கட்டளை. பயன்: அரிதாகத் தோன்றும் பாதுகாப்புப் பிழையை உடனே வெளிக்கொணர்தல். குறை: மிகுந்த தாமதம்.
• ‘ஜிசி டார்ச்சர் 2’ – குறிப்பிட்ட எண்ணிக்கை ஒதுக்கீடுகளுக்கு ஒருமுறை.
• பாதுகாப்புப் பிழையின் தனி அடையாளம் – சிறு தரவில் சரியான விடை, பெருந்தரவில் செயலிழப்பு. ஒரே நிரல் ஒருமுறை ஓடி மறுமுறை மாய்தல்.

8. சமிக்ஞைகளும் செய்திகளும்

• சமிக்ஞை 11 – நினைவகப் பிரிவு மீறல். வெளியேற்றக் குறியீடு 139 (128 + 11).
• சமிக்ஞை 6 – கைவிடல். வெளியேற்றக் குறியீடு 134 (128 + 6).
• சமிக்ஞை 8 – எண்கணிதப் பிழை. எடுத்துக்காட்டு: சி மொழியில் முழு எண்ணைச் சுழியால் வகுத்தல்.
• சமிக்ஞை 4 – செல்லாத எந்திரக் கட்டளை.
• ஆர் தரும் செய்தி – ‘காட் செக்ஃபால்ட்’; இருபுறமும் மும்மூன்று விண்மீன் குறிகள்.
• காரண வரி ‘மெமரி நாட் மேப்டு’ – அம்முகவரியில் நினைவகமே இல்லை.
• தொடர்ந்து வருவது – ஆர் செயற்கூறுகளின் அழைப்புத் தடம். சி வரி எண் இராது.
• ஊடாடு அமர்வில் ஆர் தரும் தெரிவுகள் – 4: கைவிடல், இயல்பான வெளியேற்றம், பணிவெளியைச் சேமிக்காத வெளியேற்றம், சேமித்த வெளியேற்றம்.
• சேமித்த வெளியேற்றத்தின் குறை – சேதமடைந்த தரவும் சேர்ந்தே சேமிப்பு.
• ஆர்ஸ்டூடியோவில் – ‘ஆர் செஷன் அபார்ட்டட்’ சாளரம். அழைப்புத் தடம் கிடைப்பதில்லை. எனவே பிழைநீக்கம் முனையத்தில்.
• முகவரி சுழியம் அல்லது அதற்கு அருகில் – பெரும்பாலும் வெற்றுச் சுட்டு.
• ‘சி ஸ்டாக் யூசேஜ்’ பிழை – அடுக்கு நிரம்பும் நிலை. செயலிழப்புக்கு முன் ஆர் தரும் தடுப்பு.

9. பிழைநீக்கக் கருவிகள்

• ஜிடிபி – 1986, ரிச்சர்ட் ஸ்டால்மன், குனூ திட்டம். அழைப்பு: ‘ஆர் -டி ஜிடிபி’.
• ஜிடிபி முதன்மைக் கட்டளைகள் – ‘ரன்’: இயக்கம். ‘பேக்ட்ரேஸ்’, சுருக்கம் ‘பிடி’: அழைப்புத் தடம். ‘அப்’: அழைத்த செயற்கூற்றுக்கு ஏறுதல். ‘பிரின்ட்’: மாறி மதிப்பு. ‘பிரேக்’: நிறுத்தப்புள்ளி. ‘கன்டினியூ’: தொடர்தல்.
• ஆர் பொருளை ஜிடிபியில் அச்சிட – ‘ஆர்எஃப் பிரின்ட்வேல்யூ’ செயற்கூற்றை அழைத்தல்.
• எல்எல்டிபி – எல்எல்விஎம் தொகுப்பித் திட்டத்தின் பிழைநீக்கி; மேக் கணினிகளில் இயல்பு.
• வால்கிரைண்ட் – 2002, ஜூலியன் சீவர்டு. அழைப்பு: ‘ஆர் -டி வால்கிரைண்ட்’. இயல்புக் கருவி: மெம்செக்.
• வால்கிரைண்ட் பெயர்க் காரணம் – நார்ஸ் தொன்மத்தில் வல்ஹல்லாவின் வாயில்.
• மெம்செக் வேகம் – இயல்பைவிட 20 முதல் 30 மடங்கு மெதுவாக.
• மெம்செக் கண்டறிபவை – எல்லை மீறல், மதிப்பிடாத மாறி, விடுவித்த பின் பயன்பாடு, நினைவகக் கசிவு.
• மெம்செக் வரம்பு – சிறு வெக்டர்களுக்குள் நிகழும் மீறல் தெரியாது. தீர்வு: வால்கிரைண்ட் ஆதரவு நிலை 1 அல்லது 2 கொண்டு ஆர் மொழியையே மீண்டும் தொகுத்தல்.
• அட்ரஸ் சானிடைசர், சுருக்கம் ஏசான் – கூகுள் ஆய்வாளர்கள். ஆய்வுக் கட்டுரை 2012. சராசரித் தாமதம் 73 விழுக்காடு. தொகுக்கும்போதே நிரலுடன் சேர்க்கப்படுவது.
• யூபிசான் – வரையறுக்கப்படாத நடத்தையைக் கண்டறியும் தொகுப்பி வசதி.
• ஆர்சிஎச்கே – தாமஸ் காலிபெரா, பாதுகாப்புப் பிழைகளை நிரலை இயக்காமலே கண்டறியும் நிலைப் பகுப்பாய்வி, எல்எல்விஎம் அடிப்படை.
• கிரான் கூடுதல் சோதனைகள் – வால்கிரைண்ட், ஏசான், யூபிசான், ஆர்சிஎச்கே நான்கும் உட்பட.
• ஆர் மொழியின் ‘டிபக்’, ‘பிரவுசர்’, ‘டிரேஸ்பேக்’ – ஆர் செயற்கூறுகள் வரை மட்டும். தொகுத்த நிரலுக்குள் பயனில்லை.

10. பிழைநீக்கப் படிநிலைகள்

• படி 1 – மீள நிகழ்த்தல்: செயலிழப்பை ஏற்படுத்தும் மிகச் சிறிய ஆர் நிரலைத் தனிக் கோப்பாக்கல், சமவாய்ப்பு எண் விதையை நிலைப்படுத்தல்.
• படி 2 – சூழல் நீக்கம்: ஆர்ஸ்டூடியோ தவிர்த்தல், வெறும் முனையத்தில் புதிய அமர்வு.
• படி 3 – மறுநிறுவல்: பதிப்பு முரண் இருந்தால் இங்கேயே தீர்வு.
• படி 4 – பிழைநீக்கத் தகவலுடன் தொகுத்தல்: தகவல் சேர்ப்பு ‘-ஜி’, மேம்படுத்தல் நிலை ‘-ஓ0’. இயல்பான ‘-ஓ2’ நிலையில் மாறிகள் மறைதல், வரிகள் இடம் மாறுதல்.
• படி 5 – ஜிடிபியில் இயக்கம்: செயலிழந்தவுடன் ‘பிடி’.
• படி 6 – தடத்தைப் படித்தல்: மேலிருந்து கீழாக, சொந்த நிரலின் முதல் வரி வரை.
• படி 7 – பிரித்தறிதல்: செயலிழந்த வரி சொந்த நிரலில் எனில் – சுட்டெண், வகை, வெற்றுச் சுட்டு. செயலிழந்த வரி ஆர் குப்பை சேகரிப்பிக்குள் எனில் – முன்பே நிகழ்ந்த நினைவகச் சேதம் அல்லது பாதுகாப்பின்மை.
• படி 8 – வால்கிரைண்ட் அல்லது ஏசான்: முதல் அறிக்கை வரியே முதன்மை; பின்வருபவை பெரும்பாலும் அதன் விளைவு.
• படி 9 – ‘ஜிசி டார்ச்சர்’: பாதுகாப்புப் பிழையை உறுதிப்படுத்தல்.
• படி 10 – சோதனையாக்கல்: சிறு நிரலைப் பொதியின் நிலையான சோதனைகளுள் சேர்த்தல்.
• அச்சுவழிச் சோதனை – ‘ஆர் பிரின்ட்எஃப்’. சேர்க்கும் அச்சு வரியால் நினைவக அமைப்பு மாறி, பிழை மறைவதும் உண்டு. மறைதல் தீர்வு அன்று.

11. சி++ இணைப்பு

• ஆர்சிபிபி – ஆர், சி++ இணைப்புப் பொதி. டர்க் எடல்பூட்டல், ரோமான் ஃபிரான்சுவா. ஆய்வுக் கட்டுரை 2011, நூல் 2013.
• சிறப்பு – பாதுகாப்பு அடுக்கைத் தானே கையாளல்.
• எல்லைச் சோதனை – சதுர அடைப்பில் முழுச் சோதனை இல்லை. வளைவு அடைப்பில் சோதனை உண்டு.
• ‘ஆர்எஃப் எரர்’ – நெடுந்தாவல் (லாங்ஜம்ப்) முறையில் வெளியேற்றம், சி++ அழிப்பிகள் (டிஸ்ட்ரக்டர்) இயங்காமை, நினைவகக் கசிவு.
• பிடிக்கப்படாத சி++ விதிவிலக்கு ஆர் எல்லையைக் கடந்தால் – அமர்வு முடிவு.
• ‘ஆர் அன்வைண்ட் புரொடெக்ட்’ – பதிப்பு 3.5.0, 2018, மேற்கண்ட நெடுந்தாவல் சிக்கலுக்கான ஏற்பாடு.

12. நிகழ்வு ஆய்வு: குனூ ஃபோர்ட்ரான் தொகுப்பி (ஜிஃபோர்ட்ரான்), 2019

• களம் – சி நிரலிலிருந்து லாபேக் ஃபோர்ட்ரான் துணைநிரல்களை அழைத்தல்.
• மறைந்த விதி – ஃபோர்ட்ரானுக்கு எழுத்துச் சரம் அனுப்பினால், அதன் நீளம் செயலுருபுப் பட்டியலின் இறுதியில் மறைமுகச் செயலுருபாகச் செல்ல வேண்டும்.
• பழைய வழக்கம் – ஒற்றை எழுத்துச் சரங்களுக்கு நீளத்தை அனுப்பாமை. பல்லாண்டுகள் சிக்கலின்றி ஓட்டம்.
• மாற்றம் – புதிய ஜிஃபோர்ட்ரான் வெளியீடுகளில் வால் அழைப்பு மேம்படுத்தல் (செயற்கூற்றின் இறுதியில் வரும் அழைப்புக்கு அதே அடுக்கு இடத்தைப் பயன்படுத்துதல்). அனுப்பாத செயலுருபுக்குரிய அடுக்கு இடத்தில் எழுதுதல்.
• விளைவு – அழைத்தவரின் அடுக்கு சேதம். ஆர் பொதிகளில் செயலிழப்பு.
• ஆய்ந்து வெளியிட்டவர் – ஆர் மையக் குழுவின் தாமஸ் காலிபெரா, 2019 மே.
• உடனடித் தீர்வு – வால் அழைப்பு மேம்படுத்தலைத் தொகுப்பியில் நிறுத்துதல்.
• நிலையான தீர்வு – நீளச் செயலுருபை வெளிப்படையாக அனுப்புதல், ஆர் 3.6.2 முதல் அதற்கான வகைப் பெயர் ‘எஃப்சி லென் டி’.
• முடிவு – தொகுப்பி மாறியதால் வெளிப்பட்ட பிழை. பிழையின் இருப்பிடம் அழைக்கும் சி நிரல்.

13. இந்திய, தமிழ்நாட்டுத் தொடர்புகள்

• தீபாயன் சர்க்கார் – ஆர் மையக் குழு உறுப்பினர். இந்தியப் புள்ளியியல் நிறுவனம், தில்லி. ‘லேட்டிஸ்’ வரைபடப் பொதியின் ஆசிரியர்.
• பாலசுப்பிரமணியன் நரசிம்மன் – ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம், ‘சிவிஎக்ஸ்ஆர்’ பொதியின் இணை ஆசிரியர், கட்டுரை 2020.
• ‘ஜிஎல்எம்நெட்’ – ஸ்டான்ஃபோர்ட் பொதி; கணிப்புப் பகுதி முதலில் ஃபோர்ட்ரான்; பின்னர் ஒரு பகுதி சி++.
• தமிழ்நாடு 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், பாடம் 14 – பைத்தானில் சி++ நிரல்களை இறக்குதல். ஆர் இடைமுகத்தோடு தொடர்புள்ள பள்ளிப் பாடம்.
• பைத்தான் இடைமுகங்கள் – சிடைப்ஸ், ஸ்விக், சைத்தான், பூஸ்ட் பைத்தான்.


14. குழப்பம் தரும் இணைகள்

• ‘டாட் சி’: நகல் செல்லும், ‘டாட் கால்’: பொருளே செல்லும்.
• ‘ஆர் அலாக்’: தானாக மீட்பு, ‘மலாக்’: கையால் விடுவிப்பு.
• ஜிடிபி: செயலிழந்த இடம், வால்கிரைண்ட்: பிழை தொடங்கிய இடம்.
• வால்கிரைண்ட்: மறுதொகுப்பின்றியும் இயக்கலாம், ஏசான்: மறுதொகுப்பு கட்டாயம்.
• ஏசான்: இயங்கும்போது சோதனை, ஆர்சிஎச்கே: இயக்காமல் சோதனை.
• குவியல்: வேண்டும்போது ஒதுக்கும் நினைவகம், அடுக்கு: செயற்கூற்று அழைப்புகளுக்கான நினைவகம்.
• கசிவு: நினைவகம் திரும்பாமை, உடனடிச் செயலிழப்பு இல்லை, மீறல்: பிறர் நினைவகத்தைத் தொடுதல்.

15. ஒரு வரிக் குறிப்புகள்

• இருவர் கண்டது ஆர். மூவர் பெயர் சொல்லப்படுவது எஸ்.
• 65 – செயலுருபு வரம்பு. 128 – சிறு வெக்டர் பைட் வரம்பு. 139 – செக்ஃபால்ட் வெளியேற்றக் குறியீடு. 1954 – விடுபட்ட மதிப்பின் அடையாள எண்.
• 50,000 – பாதுகாப்பு அடுக்கின் இயல்பு அளவு.
• 1072693248 – வகை மாறிய 1.
• செந்தூல் – ஆர் சுட்டெண் 2, சி சுட்டெண் 1.
• வெற்றுச் சுட்டு அறிமுகம் – 1965, டோனி ஹோர், அல்கால் டபிள்யூ.
• செயலிழக்காத நிரல், பிழையற்ற நிரல் அன்று.
• 1976 மே 5 வரைபடம் – மொழிக்கு அன்று ‘எஸ்’ என்ற பெயரே இல்லை. ஃபோர்ட்ரான் இடைமுகம் உண்டு.